உறவுமுறை என்ற கட்டம்

அத்தை,

நீங்கள் எழுவதற்குள் கிளம்பிவிட்டேன். கோபம் இல்லை. சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன், சூடு செய்தால் போதும். சாவி செருப்பு அலமாரியின் மேல்.

"தட்டைப் பாதத்தோட எத்தனை பேரு நடக்கல மாப்பிள்ளை? இதுக்குப் போய்க் கத்தி வைக்கணுமா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். உங்கள் மகளும் ஆபரேஷனுக்கு நடந்து போனவள்தான், திரும்பி வரவில்லை. மறக்கவில்லை.

ஆனால் பாதத்தின் வளைவைத் தாங்கும் தசைநாண் நைந்துவிட்டது. விரலை மடக்கும் தசைநாணை எடுத்து அதன் இடத்தில் பொருத்தி, குதிகால் எலும்பையும் வெட்டிச் சற்று உள்ளே நகர்த்துவார்கள். "இன்னும் தள்ளிப் போட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் எலும்புகளையே ஒண்ணா சேர்த்துட வேண்டியதுதான்" என்கிறார் டாக்டர். நான் நின்று பாடம் நடத்துகிறவன். ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஒப்புதல் படிவத்தில் ஒரு தப்பு செய்தேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் பழக்கத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன். "வைஃப் எப்ப வந்து கையெழுத்துப் போடுவாங்க சார்?" என்றார் நர்ஸ். அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். பதினோரு மணிக்குள் வாருங்கள். வராவிட்டால் வேறு யாரையும் கேட்க மாட்டேன், வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

பி.கு.: ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று. உறவுமுறை என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறேன். கேட்டால் மாமியார் என்று திருத்திவிடாதீர்கள்.