கோட்டை முற்றுகைக்கு முன்

செவ்வாய், மாலை.

தம்பி, நேற்று கணினி விளையாட்டில் தப்பு செய்தது நான்தான். உன் இளவரசன் தானே அடியைத் தடுத்தால்தான் அவனுக்கு வாள் திறன் ஏறும். தெரிந்திருந்தும், பூதம் கையை ஓங்கியதுமே என் இளவரசியை உனக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். நாளை எதிரிகள் நம் கோட்டையை முற்றுகையிடுகிறார்கள். உன் இளவரசன் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறான். அவன் விழுந்தால் நம் ராஜ்யமே போய்விடும்.

“காப்பாத்திக் காப்பாத்தியே என்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவனா ஆக்கிட்டே, போக்கா!” என்று கதவைச் சாத்தினாய். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நீ என்னோடு வாய் திறப்பது அந்த ராஜ்யத்தில் மட்டும்தான். அதுவும் போனால் உன்னை நான் எங்கே போய்த் தேடுவேன்?

சோறும் முட்டையும் அடுப்பு மேல் இருக்கின்றன. சாவி செருப்பு அலமாரியில். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சாப்பிட்டுவிடடா, கெஞ்சிக் கேட்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன்.

சொல்ல விட்டுப்போனது: இன்று காலை என் கேடயத்தை விளையாட்டில் வரும் கொல்லனிடம் கொடுத்து, உருக்கி உனக்கு வாள் செய்ய வைத்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை. இனி நான் குறுக்கே வர நினைத்தாலும் முடியாது.

நாளை நான் வகுப்புக்குப் போகப்போவதில்லை. மாலை ஆறு மணிக்கு நீ கோட்டை வாசலில் நில். நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன்.

அக்கா