குன்றடி விடுதியின் பின்சரிவில் விரியும் பிளவு

அனுப்புநர்:
மிலேனா ஓஸ்பினா,
இசைத்துறை, மூன்றாம் ஆண்டு,
அறை எண் 9, குன்றடிப் பெண்கள் விடுதி,
மனிசாலெஸ்.

பெறுநர்:
இடர் தடுப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
மனிசாலெஸ்.

பொருள்: விடுதியின் பின்சரிவை நேரில் ஆய்வு செய்து, மாணவியரை உடனே வேறிடத்துக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பல்கலைக்கழகத்தில் சொந்தத் துறைக்கு வெளியே ஒரு விருப்பப்பாடம் படித்தே ஆக வேண்டும். வயலின் மாணவியான நான் நிலவியலை எடுத்தேன். பெரிய ஆர்வம் என்று சொல்ல முடியாது. ஒத்திகை இல்லாத நேரத்தில் அந்த வகுப்பு ஒன்றுதான் இருந்தது.

2. ஏதேனும் ஒரு சரிவை வாரந்தோறும் அளந்து எழுதுவது அதில் பயிற்சி. விடுதிச் சமையலறைக்குப் பின்னால் ஒரு பிளவைக் கண்டு, இருபுறமும் ஆணி அறைந்து இடைவெளியை அளந்தேன். முதல் மூன்று வாரங்களில் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடியது. மழை தொடங்கியபின் ஒரே வாரத்தில் பதினொன்று. கடந்த வாரம் மட்டும் நாற்பது.

3. குறிப்பேட்டைப் பார்த்த ஆசிரியர் அர்போலேதாவுக்கு முகம் மாறிவிட்டது. அன்றே பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு எழுதினார், பதில் இல்லை. விடுதி நிர்வாகியை நானே சந்தித்தேன். அவர் சொன்னது: “நீ வயலின் வாசிக்க வந்த பொண்ணு. மலை தன்னைத் தானே பாத்துக்கும், நீ போ.” மறுநாள், பீதி கிளப்பியதாகக் கூறி, வெள்ளிக்கிழமைக்குள் அப்பாடத்தைக் கைவிடுமாறு பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

4. ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. வாசிக்கும்போதுகூடச் சுருதியை விட்டுவிட்டுத் தரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறுபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் என் பேச்சை நம்பி உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டனர். மற்றவர்களுக்குப் போக்கிடம் இல்லை. சமையல் செய்யும் தோன்யா ருபியேலாவிடம் வெளியேறும்படி கெஞ்சினேன். அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, “இத்தனை பிள்ளைங்க இங்க இருக்கையில நான் மட்டும் எங்கம்மா போறது?” என்றார். நேற்று அவர் காலடியிலேயே தரை ஓடு இரண்டாகப் பிளந்தது. அதன்மேல் சாக்கை விரித்துவிட்டு எங்களுக்குச் சோளமாவில் அரேப்பா சுட்டுக் கொடுத்தார்.

5. நான் பத்து வாரம் மட்டுமே நிலவியல் படித்தவள். என் கணிப்பு தவறாக இருக்கலாம். தவறாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என்னைத் தாங்கள் நம்ப வேண்டாம். ஒரு பொறியாளரை மட்டும் அனுப்புங்கள். சரிவு உறுதியாக இருக்கிறது என்று அவர் சொன்னால், பாடத்தைக் கைவிட்டு, அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டு, எந்தத் தண்டனையையும் ஏற்பேன். அதுவரை நாற்பத்து மூன்று மாணவியரையும் தோன்யா ருபியேலாவையும் அந்தக் கூரையின் கீழ் விட்டுவைக்க வேண்டாமென மன்றாடிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மிலேனா ஓஸ்பினா

நாள்: அக்டோபர் 24
இடம்: மனிசாலெஸ்

இணைப்பு: அளவுக் குறிப்பேட்டின் நகல்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கவே எண்ணியிருந்தேன். இன்று காலை என் அறைக் கதவு சட்டத்தில் இறுகித் திறக்கவில்லை. தோழிகள் கடப்பாரையால் நெம்பித் திறந்தனர். ஆகவே நேரில் கொண்டுவந்திருக்கிறேன். மழை பெய்கிறது. தங்கள் அறைக்கு வெளியே நிற்கிறேன், ஐயா.