நம் ரேடியோ நின்றது கோளாறால் அல்ல

பிரியமுள்ள எஸ்தர் அக்கா,

நீங்களானால் ‘ஸ்தோத்திரம்’ என்று தொடங்குவீர்கள். இத்தனை வருடப் பழக்கத்திலும் எனக்கு அது வரவில்லை. வணக்கம் என்றே எழுதுகிறேன். நீங்கள் கண்மூடி நாற்பது நாள் ஆகிறது. நாற்பது நாளும் நான் சண்டையில் இருக்கிறேன். எதற்கு என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நம் பாட்டு ரேடியோவுக்கு ஆண்டுவிழா வருகிறது. வரலாறு என்று ரேடியோ கமிட்டிக்காரர்கள் ஒரு புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த நாளில்தான் ரேடியோ பிறந்ததாம். அதற்கு முன்பு நடந்ததெல்லாம் ‘ஆரம்ப முயற்சிகள்’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. மலைமேல் இந்தத் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கு நர்ஸாக வந்த நீங்கள் சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கீர்த்தனை போட்டது முயற்சியாம். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் வழியாக நான் ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு ஸ்பீக்கர் பெட்டி மாட்டியதும் முயற்சியாம். கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்து வேலை கற்றவள் நான். கேசட் அட்டைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவள். என் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். விட முடியாதது வேறொன்று.

பள்ளத்து வீட்டு ராமாயி நம்மிடம் ஏறி வந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை செய்பவர்களுக்காகத் துள்ளலான பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் வீட்டில் சாவு விழுந்தது நமக்குத் தெரியாது.

“ஏனுங்க நர்ஸம்மா, ஊட்ல எம்புருசன் பொணமாக் கெடக்கறாரு. கைதட்டிப் பாடச் சொல்லி உங்க சாமி சொல்லுச்சுங்களா?”

நீங்கள் பெட்டியை அணைத்துவிட்டு அவளோடு நடந்தீர்கள். அடக்கம் முடிந்து திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: “பொன்னாயி, எங்க ஊர்ல சாவு வீட்லதான் விடிய விடியப் பாடுவோம். ஆனா இவங்க அழுகைக்கு மேல நம்ம சத்தம் வேணாம். நம்ம பாட்டு கேக்கற தூரத்துல யார் செத்தாலும், எந்தச் சாமியக் கும்பிடறவங்களா இருந்தாலும், மண்ணு போடற வரைக்கும் பாட்டு கிடையாது.”

அன்றிலிருந்து அதுதான் நம் சட்டம். மாரியம்மன் பூசாரி செத்த அன்றும் நிறுத்தினோம். நான் இன்றுவரை எங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறேன். மாறு என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மரியாதைக்காகவே இந்த மலை உங்கள் பாட்டைக் கேட்டது.

நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போனீர்கள். கம்ப்யூட்டர் வந்து, நம் பாட்டு இன்டர்நெட் வழியாக வெளியூருக்கும் போனது. இரவு பகலாகப் பாட்டு ஓட வேண்டும் என்று கமிட்டி சொன்னதும் அந்த வழக்கம் போனது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

உங்கள் மகன் போன் செய்து, நாலு மணிக்கு உங்களுக்கு அடக்கம் என்றார். நான் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்க் கம்ப்யூட்டரை நிறுத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். செயலாளர் இம்மானுவேல் சார் வந்து கதவைத் தட்டினார்.

“பொன்னாயிம்மா, என்ன பண்றீங்க? இன்னைக்குப் பூரா அவங்களுக்குப் பிடிச்ச பாட்டாப் போடணும்னு இருக்கோம்.”

“நாலு மணிக்கு மேல போடுங்க சார்.”

“அவங்க செத்தது எங்கயோ கீழ. இங்க இல்லையே?”

“கேக்கற தூரம்னுதானுங்க சட்டம். துபாய் வரைக்கும் கேக்குதுன்னு மேடையில பேசுனது நீங்கதானுங்களே?”

மத்தியானம் திருப்பூரிலிருந்து ராமாயியின் மகள் போன் செய்தாள். “அத்தை, பாட்டு நின்னுபோச்சே, யாரு தவறிட்டாங்க?” என்றாள். பார்த்தீர்களா அக்கா? ரேடியோ கெட்டுப்போச்சா என்று அவள் கேட்கவில்லை. “எஸ்தர் நர்ஸம்மா கண்ணு” என்றேன். “எங்கப்பனுக்கு நிறுத்துனவங்களாச்சே” என்று அழுதாள்.

உங்கள் ஊர் வழக்கப்படி உங்கள் சாவுக்குப் பாட்டுத்தான் வேண்டும் என்று நினைத்தீர்களோ? அது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது.

ஆனால் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து ஒலிபரப்பு நின்றதே இல்லையாம், ‘தொழில்நுட்பக் கோளாறால் தடைப்பட்ட ஒரு பகலைத் தவிர’. கோளாறாம்! உங்களுக்காக நான் நிறுத்தியது கோளாறாம்!

“என் கையில இருந்த மெசினு ஒருநாளும் கோளாறானதில்லீங்க” என்று இம்மானுவேல் சாரிடம் சொன்னேன்.

“அச்சடிச்சாச்சும்மா. இனி என்ன பண்ண முடியும்?” என்றார்.

என்ன பண்ண முடியும் என்று காட்டுகிறேன். புத்தகக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்துவிட்டு, ‘எஸ்தர் அக்காவை அடக்கம் செய்யும் வரை பாட்டை நிறுத்தியது பொன்னாயி’ என்று எழுதுகிறேன். நேற்று சார் வந்து வாசலில் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை விழாம்மா.”

“எழுதி முடிச்சாத் தாரேனுங்க.”

ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். என் எழுத்து கோணலாக இருக்கிறது என்றார். இருக்கட்டும், படிக்க முடிகிறதல்லவா?

திருத்தாத ஒரு புத்தகமும் இந்த மலையை விட்டு இறங்காது அக்கா. அடுத்து இங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாட்டை நிறுத்துவேன். வேண்டுமானால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரட்டும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
பொன்னாயி