ஐந்தாவது மாடியும் எலுமிச்சை மிட்டாயும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், இத்தனை மாதம் கோபித்துக்கொண்டிருந்த அவளுடைய முழங்காலும் இப்போது சமாதானம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களின் பயத்தையெல்லாம் போக்கிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

முதல் செய்தி, உன் அம்மா லிஃப்டில் இறங்கிவிட்டாள். ஐந்தாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை, தன்னந்தனியாக, போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கரண்ட் போய் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாளே, அன்றிலிருந்து ஒரு வருஷமாகத் தனியாக அதற்குள் கால் வைக்காதவள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் பெண்டாட்டி மூச்சு வாங்க வாங்கப் படியேறுகிறாள் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். லிஃப்ட் வந்து நிற்கும்போது அடிக்குமே ஒரு மணி, அது கேட்டாலே அவளுக்குக் கை வேர்த்துவிடும். நம் சமையலறை மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அப்படித்தான் மணியடிக்கும், அதற்கும் வேர்க்கும். பால் சூடாகிவிட்டதென்று சொல்கிற மணிக்கு உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிற மனுஷியை உன் படிப்பில் பார்த்திருக்கிறாயோ என்னவோ, நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் நானே முதலில் வைத்தியம் பார்த்த கதையை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற திமிர்தான். பயப்படாதே, மேலே ஆறு கம்பி வடம் இருக்கிறது, ஒன்று அறுந்தாலும் மற்ற ஐந்தும் தாங்கும் என்று விளக்கினேன். வடம் அறுந்துபோகும் என்கிற சங்கதியே அதுவரை அவளுக்குத் தெரியாது. அதோடு விட்டேனா, இல்லை. ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கூட்டிக்கொண்டு போய், என்னிடம் இருந்த பழைய சாவியைப் போட்டு நானே மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினேன். நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று கண்ணால் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அதுவரை லிஃப்டைப் பார்த்து மட்டும் பயந்தவள், அதன் பக்கத்தில் நான் நின்றால் என்னைப் பார்த்தும் பயந்தாள்.

அப்புறம்தான் அம்மாவின் பயம் போக என்று நீ எழுதி அனுப்பியிருந்த தாளை எடுத்தேன். லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவது, கதவு திறந்து மூடுவதைப் பார்ப்பது, ஒரு காலை மட்டும் உள்ளே வைப்பது, பிறகு ஒரே ஒரு மாடி என்று நீ படிப்படியாக எழுதியிருந்ததைச் சுவரில் ஒட்டினேன். பரிசுக்கு அவளுக்குப் பிடித்த எலுமிச்சை மிட்டாய் ஒரு டப்பா வாங்கினேன். அதிலும் கோட்டை விட்டேன். அவள் இரண்டடி எடுத்து வைப்பாள், முகம் வெளுக்கும், திரும்பி வந்துவிடுவாள், பாவமாக இருக்கும், ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்துச் சமாதானம் செய்வேன். ஒரு வாரத்தில் உன் அம்மா திரும்பி வருவதில் தேர்ந்துவிட்டாள். ஓரடியிலேயே திரும்பிக் கையை நீட்டினாள். செய்து முடித்த பிறகு மட்டும், ஆனால் உடனே என்று நீ அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதன்பிறகு ஒழுங்காக நடந்தது. இப்போதெல்லாம் மைக்ரோவேவ் மணியடித்தால் அவளுக்கு வேர்ப்பதில்லை, டப்பா எங்கே என்று தேடுகிறாள்.

இனிமேல்தான் விஷயம். முதல்முதலாக ஒரு மாடி இறங்கிய அன்று இரண்டு பேரும் நான்காவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஏங்க, நம்ம பொண்ணு போன் பண்ணினா நாம என்னங்க குடுக்கறோம் என்றாள். போனில் என்னத்தைக் கொடுப்பது என்றேன். எடுத்த உடனே, பரவாயில்லையே எங்க ஞாபகம்கூட வந்துருச்சேன்னு நீங்க குத்துவீங்க, அப்புறம் நான் வாங்கி எப்ப வரே எப்ப வரேன்னு கேட்டு அழுவேன், மிட்டாய் எங்கங்க குடுத்தோம், லிஃப்ட் மாதிரி நாமளே அவளை நடுவுல நிறுத்திவெச்சுட்டு ஏன் வரலேன்னு கேட்டுட்டிருக்கோம் என்றாள்.

வேலைக்காக அந்த ஊருக்குப் போன புதிதில் வேலை முடிந்து நடந்து போகும்போது தினமும் பேசுவாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆயிற்று. பிறகு வேலை அதிகம், அப்புறம் பேசறேன் என்று இரண்டு வரிச் செய்தி. இன்றோடு உன் குரல் கேட்டு இருபத்தாறு நாள் ஆகிறது. இத்தனை நாளும் உன் வேலையைத் திட்டினேன், அந்த ஊரைத் திட்டினேன், உன்னையும் கொஞ்சம் திட்டினேன். வீட்டில் இருந்தபோது நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் நீ சிரிப்பாய், என் முகம் உன் எதிரே இருந்தது. அங்கே வந்து சேருவது குரல் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் கேட்கிறேன், மன்னித்துக்கொள் கண்ணு.

செவ்வாய்க்கிழமை நான் கீழே காத்திருந்தேன். மேலே மணி அடித்தது கேட்டது, கதவு மூடியது கேட்டது. எத்தனையோ லிஃப்டை ஓடவிட்டவன், அன்றைக்கு அந்த ஐந்து மாடிக்கு எனக்குத்தான் வேர்த்தது. கதவு திறந்து உன் அம்மா வெளியே வந்து கையை நீட்டினாள். மிட்டாய் இல்லை, பதற்றத்தில் நானே தின்றுவிட்டேன். நல்லவேளை, அவள் சண்டை பிடிக்கவில்லை. அதுக்குப் பதிலா பொண்ணுக்கு ஒரு லெட்டர் போடுங்க, போன்ல பேசினா உங்க வாய் சும்மா இருக்காது என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இத்தனை பக்கத்திலும், உன் அம்மா அழுது அழுது கேட்பாளே, அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். தோன்றும்போது கூப்பிடு, இரண்டு நிமிஷம் பேசினாலும் போதும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிரில் காதை மூடிக்கொள். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மிட்டாய் டப்பா இப்போது போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வந்தால் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கடக் என்று பல்லில் சத்தம் கேட்டால், எங்களுக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று புரிந்துகொள்.

இப்படிக்கு,
இன்னும் பயிற்சியில் இருக்கும்
உன் அப்பா