உன் ரைபிளில் நான் சுருக்கிய துளை

உன் ரைபிளின் பின் சைட்டு, கண்ணை வைத்துக் குறி பார்க்கும் அந்த வளையம், இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. நேற்று உன் வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "இத வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேண்ணா, நீங்களே வச்சிக்கங்க" என்றார். மூடியைத் திறந்ததும் மெஷின் ஆயில் வாசனை. நான் விட்ட ஆயில்தான். எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். நடுவிலிருக்கும் துளை குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சுருக்கியவன் நான். எரிச்சல் தாங்காமல் டப்பாவை மூடினேன். பிறகு மறுபடி திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நமக்கெல்லாம் எதற்கடா இந்த ஆசை? ஆவடி போகிற வழியில், ஒரு பழைய கோடவுனைத் தடுத்துத் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஆக்கியிருந்தார்கள். பத்து மீட்டர், காற்றுத் துப்பாக்கி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் மைக்ரோமீட்டர் பிடித்து அளந்துகொண்டிருந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன். கரையான்சாவடியில் பெயிண்ட் கடை வைத்திருந்த நீ எனக்கு ஒரு மாதம் முன்பே சேர்ந்து, ஊருக்கே உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தாய். "வெள்ளையிலேயே பதினாறு வெள்ள பிரிச்சி எடுக்கற கண்ணு மாமே இது" என்று முதல் நாளே என்னிடம் பீற்றிக்கொண்டாய். உண்மைதான். உன் கண்ணை நம்பித்தான் பாதி பூந்தமல்லி சுவருக்குச் சாயம் அடித்தது.

உன் கண், என் கை. அப்படித்தான் நம் கூட்டு அமைந்தது. பின் சைட்டின் சின்னத் துளை வழியாகப் பார்த்தால் குழல் முனையில் இருக்கும் ரிங் தெரிய வேண்டும், அந்த ரிங்குக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் நடுவாக உட்கார வேண்டும், சுற்றிலும் வெள்ளை ஒரே அளவாக இருக்க வேண்டும். துளையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் ஐரிஸ் என்று ஒரு வளையம் உண்டு, திருகிக்கொள்ளலாம். சிறிதாக்கினால் உருவம் கூர்மையாகும், ஆனால் இருட்டிக்கொண்டு வரும். பெரிதாக்கினால் வெளிச்சம், கூடவே மங்கல். நீ கண்ணை வைத்துச் சொல்லச் சொல்ல நான் திருகுவேன். "நிறுத்து. ஆங், இப்ப கரெக்டா கீது" என்பாய். அந்த அளவை என் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

போன வருஷம் அந்த அளவு நிற்காமல் போயிற்று. ஒரு வாரம் ரிங் இரண்டாகத் தெரிகிறது என்பாய். அடுத்த வாரம் ரிங் சுத்தமாக இருக்கும், கறுப்பு வட்டம் பஞ்சுப் பொதி மாதிரி ஊதிப் போயிருக்கும். "இன்னா மாமே, போன வாரம் நல்லாத்தான இருந்திச்சி? இப்ப கரஞ்சி பூடுச்சே" என்று என்னைத்தான் முறைப்பாய். நான்கு முறை அந்தச் சைட்டைக் கழற்றித் துடைத்தேனடா. ஸ்க்ரூ தேய்ந்திருக்குமோ என்று புது ஸ்க்ரூ போட்டேன். கோடவுனில் ட்யூப் லைட்டை மாற்றவைத்தேன். முன் ரிங்கைப் பெரிய அளவில் வாங்கிப் பொருத்தினேன். நோட்டில் தேதி, வெளிச்சம், நேரம், ஐரிஸ் அளவு, எல்லாம் எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன் ஆள் அல்லவா, எழுதாமல் விடுவேனா? உன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. நாற்பது குண்டு சுடுவதற்குள் நீ இரண்டு தடவை பின்பக்கம் ஒதுங்கப் போனதை எழுதவில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலை நீ ஒரே மூச்சில் காலி செய்ததைப் பார்த்து, "ஒட்டகமாடா நீ?" என்று கிண்டல் பண்ணினேன். நீயும் சிரித்தாய். உனக்குச் சுகர் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? "சும்மா பார்டர்ல கீது" என்று நீ சொல்லியிருக்கிறாய். பார்டர்!

ஒரே ஒரு நாள் கேட்டேன். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாயேன்" என்றேன். கிளாஸை டக்கென்று வைத்தாய்.

"கண்ணுக்கு இன்னா? தோ, அந்த பஸ் நம்பரு சொல்லட்டா?" என்று தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரைப் படித்தும் காட்டினாய். அந்த ரோட்டில் போகிற பஸ்ஸில் முக்கால்வாசி அதே நம்பர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதோடு விட்டாயா? "உன்னால முடிலன்னா சொல்டு மாமே, வேற ஆளப் பாத்துக்கறேன். என் கண்ணு மேல பழியப் போடாத."

இரண்டு வாரம் நீ என்னோடு பேசவில்லை. ரேஞ்சில் இரண்டு லேன் தள்ளி நின்று சுட்டாய். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் நீதான். அது போக, என் கை வேலையைக் குறை சொல்லிவிட்டாயே என்ற ரோஷம் வேறு. மூன்றாம் வாரம் நானே வந்து உன் ரைபிளை எடுத்தேன். ஐரிஸை மூடினேன், இன்னும் மூடினேன், துளை இதோ இந்த அளவுக்கு வரும்வரை மூடினேன். இருட்டைச் சமாளிக்க இலக்கின் மேல் இன்னொரு விளக்கைத் திருப்பிவிட்டேன். நீ கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமே! சும்மா கண்ணாடி மாரி கீதுடா!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தாய். அந்த மாதம் நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில் மூத்தோர் பிரிவில் மூன்றாம் இடம் வந்தாய். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஒரு வாரம் பெயிண்ட் விற்றாய்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தாய். நெஞ்சு. மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்ததாம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று உன் வீட்டம்மா சொன்னார்: "மாத்திர போட்டா கை உதறுது, குண்டு தவறுதுன்னு நாலு மாசமா போடவே இல்லண்ணா. போட்டி முடியட்டும், அப்பால போட்டுக்கறேன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?"

எனக்குத் தெரிந்த ஒரு கண் டாக்டரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் வாரத்துக்கு வாரம் மாறுமாம். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் அந்த மங்கல் தெரியாமல் மறைந்துவிடுமாம். கை ஆடக்கூடாது என்று நீ மாத்திரையை நிறுத்தினாய். மாத்திரையை நிறுத்தியதால் கண் கலங்கியது. அந்தக் கலங்கலை நான் அழகாகத் துளையைச் சுருக்கி மறைத்துக் கொடுத்தேன். இதற்கு உன்னைத் திட்டுவதா, என்னையே அடித்துக்கொள்வதா? மூன்றாம் இடத்துக்கு மாத்திரையை விடுவானாடா ஒரு மனுஷன்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? பாவி, வாரா வாரம் கரைந்தது சைட்டல்ல என்று உனக்குத் தெரிந்துதானே இருந்தது!

ஆனால் நானும் யோக்கியன் இல்லை. எனக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. அதனால்தான் டீக்கடையில் கேட்டேன். நீ முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு ஐரிஸைத் திருகினேன். நீ என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்ற பயத்தில் திருகினேன்.

இரண்டு மாதம் முன்பு, திருமழிசையில் லேத் ஓட்டுகிறவர் ஒருவர் புதிதாக ரேஞ்சில் சேர்ந்தார். நம் வயதுதான். "ரிங்கு ரெண்டாத் தெரியுது, சைட்டக் கொஞ்சம் பாருங்க" என்று ரைபிளை நீட்டினார். வாங்கிக் கீழே வைத்தேன். சுகர் டெஸ்ட் பண்ணிக்கொண்டு வாங்க, அப்புறம்தான் தொடுவேன் என்றேன். "நான் சைட்டு பாக்க வந்தேனா, உங்கிட்ட வைத்தியம் பாக்க வந்தேனா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் கத்தினேன். ரைபிளைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். பைத்தியம் என்றார்கள். அவர் பையை வீசிவிட்டுப் போனார்.

நாலு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தார். சர்க்கரை முந்நூற்றுக்கு மேல் இருந்ததாம், மாத்திரை சாப்பிடுகிறாராம். ரேஞ்ச் செயலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மனுஷன் என்னோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு லேன் தள்ளி நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்தாலே முறைக்கிறார். முறைக்கட்டும், நன்றாக முறைக்கட்டும். நீயும் அதே மாதிரி முறைத்துக்கொண்டு, சாகிறவரை என்னோடு பேசாமல், இன்னும் இருபது வருஷம் அங்கே நின்றிருக்கலாமேடா.