நாற்பத்து நான்கு பவுண்டு

புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை, மதியம்

தம்பி ஹாதிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்திருப்பாய். ஐந்து ராக்கெட். ஒன்றிலும் ஸ்ட்ரிங் இல்லை. கூரியர்காரன் மேல் சந்தேகப்படாதே. பழைய ஸ்ட்ரிங்கை நான்தான் வெட்டி எடுத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொன்றாக, சட்டம் கோணாமல். புதியது போடவில்லை. போட மாட்டேன்.

வாட்ஸப்பில் சொல்லியிருப்பேன். லக்னோவுக்குப் பிறகு நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். ஆனால் பூனா அகாடமியிலிருந்து ராக்கெட் பை மட்டும் தவறாமல் வருகிறது. உள்ளே ஒரு சீட்டு. "44. சாஃப்ட் ஸ்ட்ரிங். அர்ஜென்ட்." அவ்வளவுதான். பூசி வீதியில் போகிற வருகிற யாரோ ஒருவர்கூட நம் கடைக்குள் நுழைந்தால் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பேட்டை நீட்டுகிறார்.

முதலில் அந்த வீடியோ.

லக்னோ. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். 6-1, 6-3. தோற்றுவிட்டு வெளியே வருகிறாய். எவனோ மைக்கை நீட்டுகிறான். நீ சிரிக்கிறாய். "வீட்ல அக்காதான் ஸ்ட்ரிங் போடுறாங்க. ரெண்டு ராக்கெட் செட்டாவல. இனிமே ஒரு ப்ரொஃபஷனலப் பாக்கணும்." பத்தொன்பது நொடி. நான் எண்ணியிருக்கிறேன்.

மறுநாள் ராஜாங்கம் சார் கடைக்கு வந்தார். டென்னிஸ் கிளப்பில் தினமும் காலையில் டபுள்ஸ் ஆடுவாரே, ரெட்டியார்பாளையத்து வாத்தியார். அறுபத்தெட்டு வயது. "என்னாம்மா ஷாஜாதி, கூடப் பொறந்தவனே ஒன் கைய நம்பல. நான் எந்த தைரியத்துல பேட்ட குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொடுத்தார். கிளப்பிலிருந்து வழக்கமாக வரும் மற்றவர்கள் சிரிக்கவில்லை. வரவுமில்லை.

அத்தா வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ரெண்டுல நீ என்னம்மா போட்ட?" என்றார். "அவன் கேட்டதுதான் அத்தா" என்றேன். கண்ணாடியைக் கழற்றாமல் பேப்பரை எடுத்தார்.

இனி உன் ஆட்டம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பயிற்சியாளர் நிறை, குறை எழுதி வாங்குவார் என்று முன்பு சொன்னாய். நிறைக்கு ஒரு பக்கம் நிரப்பினேன், குறைக்கு மூன்று வரி போட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். மீதியை நான் எழுதித் தருகிறேன். வைத்துக்கொள்.

இரண்டாவது சர்வ். பத்தொன்பது வயதில் பயந்து போட்டாய். இருபத்திரண்டிலும் பயந்து போடுகிறாய். முக்கியமான பாயிண்ட் வந்தால், பந்தைத் தூக்கிப் போடும் முன்பே டபுள் ஃபால்ட் உன் முகத்தில் எழுதியிருக்கிறது. எதிரில் நிற்பவனுக்கும் கண் இருக்கிறது.

பேக்ஹேண்ட் பக்கம் பந்து வந்தால் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டில் அடிக்கிறாய். வலது பக்கம் பாதி கோர்ட் திறந்து கிடக்கிறது. லக்னோவில் அந்தப் பையன் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தான். ஸ்ட்ரீமில் பார்த்த அம்மாவுக்கே புரிந்தது. "அங்கயே போடுறானே, இவன் ஏன் இங்கயே நிக்கிறான்?" என்றாள்.

முதல் செட் போனால் இரண்டாவது செட்டில் நீ ஆடுவதில்லை. காரணம் தேடுகிறாய். காற்று. வெயில். பந்து பழசு. நடுவர். அக்கா.

ராக்கெட்டை உடைக்கிறாய். கூரியரில் உடைந்தது என்கிறாய். தரையில் ஓங்கி அடித்தால் எங்கே விரிசல் விழும், பார்சல் கீழே விழுந்தால் எங்கே விரிசல் விழும் என்று தெரியாதவளா நான்? யாருக்குக் காது குத்துகிறாய்?

நிறை ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. ஆனால் குறையை மட்டும் எழுதினால் நானும் பொய்க்காரி.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்த வாரம் கடையில் இந்த ஸ்ட்ரிங் மேசைக்கு முன் உட்கார்ந்தேன். ஐந்து வருடம். எவ்வளவோ பேர் ராக்கெட் வந்து போனது. எல்லோருடையதிலும் தேய்மானம் சிதறிக் கிடக்கும். இங்கே கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம். சர்வ் படும் இடத்தை விட்டுவிட்டால், உன்னுடையதில் நான்கே கட்டம். ஐந்து ராக்கெட்டிலும் அதே நான்கு கட்டம். விளக்கை அணைத்துவிட்டு விரலால் தடவினாலும் இது ஹாதியுடையது என்று சொல்வேன். ஓடிக்கொண்டே, சறுக்கிக்கொண்டே, இரண்டரை மணி நேரம் அதே இடத்தில் பந்தை வாங்குகிற கை இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை. நான் பார்த்த வரை வெளியூரிலும் இல்லை. உலகத் தரவரிசையில் முதல் இருநூறு பேருக்குள் நீ வர முடியும். இதை ஆசையில் சொல்லவில்லை. ஆசை இப்போது இல்லை.

எண்களுக்கு வருகிறேன்.

ஜனவரியில் ஸ்ட்ரிங்கை 54 பவுண்டு இறுக்கத்தில் இழுக்கக் கேட்டாய். அது உன் எண். பதினாறு வயதிலிருந்து அதுதான். பிப்ரவரியில் 50. மார்ச்சில் 46, அதுவும் மெத்தென்ற ஸ்ட்ரிங். ராஜாங்கம் சார் போடுவதே 48. அறுபத்தெட்டு வயதுக்காரர் 48-இல் ஆடுகிறார், என் தம்பிக்கு 46 வேண்டுமாம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெறுப்பு வந்தது. ஸ்ட்ரிங் தளர்ந்தால் பந்து தானாகப் பறக்கும், கையை முழுதாக வீச வேண்டாம். பயந்துவிட்டான். சோம்பேறியாகிவிட்டான். அப்படித்தான் நினைத்தேன்.

அதனால் ஒன்று செய்தேன்.

மார்ச்சில் வந்த ஐந்தில் இரண்டை 54-இல் இழுத்தேன். கைப்பிடியில் 46 என்று சீட்டு எழுதி ஒட்டினேன். கைக்குப் பழைய எண் நினைவு வரட்டும் என்று. வீசினால்தான் பந்து போகும், வீசட்டும் என்று.

நீ அந்த இரண்டையும் வைத்துத்தான் லக்னோவில் முதல் செட் ஆடியிருக்கிறாய்.

ஆகவே வீடியோவில் நீ சொன்னது பொய் இல்லை. செட்டாகவில்லை. செட்டாகாதபடி போட்டது நான். அத்தாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதும் நான். ஆறு வாரம் கடையில் வாயைத் திறக்காமல், தம்பியால் அவமானப்பட்டவள் போல உட்கார்ந்திருந்ததும் நான்.

இதற்கு என்னைத் திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு உன்னுடையதை மறைக்க விட மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வந்த பையைப் பிரித்தேன். ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தேன். சர்வ் போடும்போது பந்து ஸ்ட்ரிங்கின் மேல் பாதியில் படும். உன் ராக்கெட்டில் அந்த இடம் எப்போதும் மஞ்சள் துகள் படிந்து, வரி விழுந்து இருக்கும். இந்த முறை மேல் பாதி புதிது போல இருந்தது. ஐந்திலும். உன் கை மேலே போகவில்லை. கீழிருந்து தள்ளிவிடுகிறாய். கைப்பிடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சுற்று கிரிப். பிரித்தால் வலி மருந்து ஸ்ப்ரே வாசனை. பக்கத்து ஜிப்புக்குள், துண்டுக்கு அடியில், நான்கு வலி மாத்திரை அட்டை. காலி.

எவ்வளவு நாளாக, ஹாதி?

எல்லாவற்றையும் கலைவாணியிடம் காட்டினேன். பள்ளியில் என்னோடு படித்தவள், இப்போது கதிர்காமத்தில் பிசியோ. உன் பெயரைச் சொல்லவில்லை. அவள் முட்டாள் இல்லை, கேட்கவும் இல்லை. "ஆளப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இவ்ளோ மாத்திரைய முழுங்கிட்டு வலிக்கிற தோள வெச்சிக்கினு ஒருத்தன் சர்வ் போட்டுக்கினே இருந்தான்னா, நாளைக்கு சீப்ப எடுத்துத் தலை வாரக்கூடக் கை வராது. ஆடறத மொதல்ல நிறுத்தச் சொல்லு, ஸ்கேன் எடுக்கச் சொல்லு. அப்புறம் கோச்சிக்கட்டும்."

அன்று மாலைதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. உங்கள் அகாடமியில் ஸ்ட்ரிங் இயந்திரம் இருக்கிறது. ஆளும் இருக்கிறான். அரை மணி நேர வேலை. பிறகு ஏன் ஐந்து ராக்கெட்டும் பூனாவிலிருந்து புதுச்சேரி வரை வந்து திரும்புகின்றன? "அக்கா கைதான் அவனுக்குப் பழக்கம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் அதை நம்பினேன். நம்பி, நோன்பு நாளில்கூட உன் பையைத்தான் முதலில் எடுத்தேன்.

அங்கே கொடுத்தால் அவன் எத்தனை பவுண்டு என்று கேட்பான். 44 என்றால் உன் பயிற்சியாளர் காதுக்குப் போகும். தோள் கெட்டிருக்கிறது என்று அவருக்கு ஒரு நொடியில் புரியும். இந்தூர் போட்டிப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார். அதற்காகத்தான் நான். பழக்கமான கை என்பதற்காக இல்லை. கேள்வி கேட்காத கை என்பதற்காக.

லக்னோவில் மைக்குக்கு முன்னால் என்னைச் சொன்னதும் அதற்குத்தான். சர்வ் ஏன் இப்படி ஆனது என்று யாராவது கேட்பதற்குள் ஒரு பெயர் தேவைப்பட்டது. கைக்கு எட்டியது என் பெயர்.

இதை மன்னிக்க எனக்கு நாளாகும். மன்னிக்காமலும் போகலாம்.

இந்தூரில் திங்கட்கிழமை உனக்கு முதல் ஆட்டம். ராக்கெட்டை வெறும் சட்டமாக அனுப்பினால் நீ நின்றுவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. மைதானத்திலேயே ஸ்ட்ரிங் போடுகிறவன் இருப்பான். நீ கேட்ட ப்ரொஃபஷனல். போய்க் கொடு. எத்தனை பவுண்டு என்று கேட்பான். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாயைத் திறந்து நாற்பத்து நான்கு என்று சொல்.

இன்று காலை ராஜாங்கம் சார் பேட்டை வாங்க வந்தார். அத்தாவும் கடையில் இருந்தார். அந்த இரண்டு ராக்கெட்டைப் பற்றி அவர்கள் இருவரிடமும் சொன்னேன். 54 இழுத்துவிட்டு 46 என்று எழுதியதை. ராஜாங்கம் சார் தன் பேட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல நாப்பத்தெட்டு போட்டிருக்கியா, இல்ல ஒனக்குத் தோணுனதப் போட்டிருக்கியா?" என்றார். 48 தான் சார் என்றேன். "யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை சிரிக்கவில்லை. இனி வர மாட்டார். நாளைக்குள் கிளப் முழுவதும் தெரிந்துவிடும்.

அத்தா பேப்பரை மடித்தார். "சரி" என்றார். அந்தச் சரியை நீ கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது நல்லது.

நான் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உயிரோடுதான் இருக்கிறேன், மதியம் சாப்பிட்டேன், இதை எழுதுகிறேன்.

பெட்டி உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். ஞாயிறு மாலை நான்கு மணி வரை பொறுப்பேன். அதற்குள் உன் பயிற்சியாளரிடம் நீயே போய்ச் சொல். சொல்லவில்லை என்றால் நாலு மணிக்கு நான் அழைப்பேன். எண் என்னிடம் இருக்கிறது. என் தம்பி தோளில் வலியோடு ஆடுகிறான், மாத்திரை போட்டு மறைக்கிறான், நானும் அதற்குத் துணை போனேன் என்று சொல்வேன். காட்டிக்கொடுத்தவள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொள். மைக் கிடைத்தால் அதிலும் சொல்.

ஸ்கேனை அங்கேயே எடுத்தாலும் சரி. இங்கே வருவதானால் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவுக்குக் காலையிலேயே சீட்டு வாங்க வேண்டும். வரிசையில் நான் நிற்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். ஒரே பெஞ்சில் உட்காரவும் வேண்டாம். கூப்பிடும்போது மட்டும் எழுந்து உள்ளே போ.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஐந்து வேளையும் நீ ஜெயிக்க துஆ கேட்கிறாள். நான் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். உன் கை உனக்கு மிஞ்ச வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். வேறு எதையும் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இதையாவது அவன் தரட்டும். நீயும் தடுக்காமல் இரு.

வஸ்ஸலாம்.

ஷாஜாதி