அமிர்தநாதன் மீது போர்ப் பிரகடனம்

பாப்பநாயக்கன்பாளையம், கோவை
6 ஜனவரி 2025

துரோகிகளில் தலைசிறந்த அமிர்தநாதனுக்கு,

யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். சத்தியமாக நீயும் நம்பமாட்டாய். காலேஜ் முதல் வருடத்திலிருந்து ஷட்டில் ஆட்டத்தில் பிரியாத ஜோடி ஒன்று இருந்தது. தலைமுடி போனது, பல் போனது, ஜோடி மட்டும் போகவில்லை. அதில் ஒருவன் பழைய மாணவர் போட்டியில், எழுபது தாண்டியவர்கள் பிரிவுக்கு, சுரேந்தரோடு பெயர் கொடுத்துவிட்டான். மற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அப்பாவி அதை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், எவனோ போட்ட குட்மார்னிங் ரோஜாவுக்குக் கீழே படித்துத் தெரிந்துகொண்டான்.

அந்த நொடியில் மருதமலை ஒரு முழம் நகர்ந்தது. சிறுவாணித் தண்ணீர் உப்புக் கரித்தது. நான் குழுவைவிட்டு வெளியேறி, உன் நம்பரையும் அழித்துவிட்டேன். இனி நமக்குள் தபால்தான். அரசர்கள் போனில் போர் அறிவிப்பதில்லை.

உன்னை மண்ணைக் கவ்வ வைக்கும்வரை தயிரைத் தொடமாட்டேன் என்று சபதம். ராமாமணி, "இந்த வயசுல பழி வாங்கறீங்களா? மொதல்ல பிரஷர் மாத்திரையப் போடுங்க" என்கிறாள். மாத்திரை போட்டுக்கொண்டே பழி வாங்குவேன். என் புது ஜோடி நம் வின்ஸ்டன். அவனுக்கு இரண்டு முட்டியும் செயற்கை. உன் முட்டியைவிட அவை இளையவை.

உன் அழிவை விரும்பும்,
கோபாலசாமி


கருமத்தம்பட்டி
12 ஜனவரி 2025

அன்புள்ள கோவாலு,

பூசை முடிந்து வந்து உன் ஓலையைப் படித்தேன். விமலாராணி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னாடியே சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? உன்னோடு ஆடினால் எனக்குப் பந்தே வருவதில்லையடா. வலப்பக்கம் வந்தால் உன்னுடையது. என் மூக்குக்கு நேரே வந்தாலும் உன்னுடையது. "நகுருடா" என்று இடித்துவிட்டுப் பாய்வாய். நாம் ஜெயித்த கோப்பைகளில் என் கை பட்டதெல்லாம் மேடையில்தான். சுரேந்தர் வேறு செக்‌ஷன்காரர், காலேஜில் அதிகம் பழகியதுகூட இல்லை. அவர் என்னைப் பந்தை எடுக்கச் சொல்கிறார். ஒரு ஆட்டமாவது என் கையால் அடித்து ஜெயித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

எதிரில் வந்து நில். தயிரை மட்டும் விடாதே, உனக்கு வயிறு தாங்காது.

அமிர்தம்


பாப்பநாயக்கன்பாளையம்
20 ஜனவரி 2025

அடேய் அமிர்தம்,

நேற்று நீங்கள் இருவரும் பயிற்சி செய்ததைக் குரங்குக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேவு பார்த்தேன். வாட்ச்மேன் என்னை ஏதோ வெளிநாட்டு உளவாளி என்று நினைத்து சல்யூட் அடித்தான்.

பக்கவாட்டில் வரும் பந்தை நன்றாகத்தான் எடுக்கிறீர்கள். நடுவில் வந்தால்?

"நீங்க எடுங்க."

"இல்லீங்க, நீங்க எடுங்க."

"அட, பரவால்லீங்க, நீங்களே அடிங்க."

ஷட்டில் உங்கள் இருவரின் மரியாதையையும் காது குளிரக் கேட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறது. நம் ஊர்க்காரனைக் கொல்ல வேறு ஆயுதம் எதற்கு? உங்களை அந்த மரியாதைக்குள்ளேயே குழி தோண்டிப் புதைக்கிறேன். பாத்துக்கோ.

வெற்றித் திருமகன்,
கோபாலசாமி


கருமத்தம்பட்டி
3 பிப்ரவரி 2025

கோபாலசாமிக்கு,

ஜெயித்துவிட்டாய். ஃபைனலில் ஒரு பந்தைக்கூட வேறெங்கும் அடிக்கவில்லை. எல்லாம் எங்களுக்கு நடுவில். கொஞ்ச நேரத்தில் பார்க்க வந்தவர்களும் எங்களோடு சேர்ந்து "நீங்க எடுங்க" என்று கோரஸ் பாட ஆரம்பித்தார்கள். சுரேந்தர் வண்டி ஏறும்வரை என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

தோற்றதில் வருத்தமில்லை. ஒருமுறை நான் ஆடிப் பார்க்கிறேன் என்று உன்னிடம்தான் மனதைத் திறந்து எழுதினேன். உனக்கு அது என்னை அடிக்க ஒரு இடம் காட்டியதுபோல் ஆகிவிட்டது. பேட்டை உறையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன். இனி ஓலை எதுவும் அனுப்பவேண்டாம்.

அமிர்தநாதன்


பாப்பநாயக்கன்பாளையம்
10 பிப்ரவரி 2025

தோற்றுப்போன அமிர்தத்துக்கு,

வேண்டாம் என்றாய். ஜெயித்தவன் எழுதினால் தோற்றவன் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் என்னை யானைமேல் ஏற்றி அவிநாசி ரோடு நெடுக ஊர்வலம் விட்டார்கள். பொள்ளாச்சிச் சந்தை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றன. கொடுமுடியில் காவிரி கரையேறி எட்டிப் பார்த்தது. கோப்பை அத்தனை கனம். கிரேன் வைத்துத்தான் வீட்டுக்குள் இறக்கினோம். ராமாமணி அதற்குள் குடை செருகி வைத்திருக்கிறாள். பழி தீர்ந்த சந்தோஷத்தில் எட்டு நாளாகத் தூங்கவே இல்லை.

இதில் எதையும் நம்பாதே. யானை இல்லை, மாடு இல்லை. சந்தோஷமும் அப்படித்தான்.

ஒன்றே ஒன்று நிஜம். கடைசிப் பாயிண்ட். நான் அடித்த ஷட்டில் உங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. நீ சுரேந்தரைப் பார்த்தாய், அவர் உன்னைப் பார்த்தார். கூட்டத்தின் சிரிப்பில் உனக்குக் கேட்டிருக்காது. "எடுடா அமிர்தம், அது உன்னுதுடா" என்று தொண்டை கிழியக் கத்தியது நான்தான்.

வின்ஸ்டன் திரும்பிப் பார்த்து, "ஏப்பா, நீ எந்தப் பக்கம்?" என்றான்.

கோவாலு